டாட்சன் 240இசட்டுக்குப் பெரிய ரிம், அகல டயர்: அளவெடுப்பதிலிருந்து ஸ்டெப்னி வரை

1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமாகி, அமெரிக்காவுக்கு 240இசட்டாகப் போன கார் இது. நீண்ட மூக்கு, 2,393 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், நான்கு மூலையிலும் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே குழாயில் சேர்ந்தது), ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், ஒரு டன்னைக் கொஞ்சமே தாண்டும் எடை. இப்படிப்பட்ட காருக்குத் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்தது 14 அங்குல விட்டமும் நாலரை அங்குல அகலமும் கொண்ட இரும்பு ரிம். அதன் மேல் 175 மி.மீ. அகல டயர். பக்கத்தில் நின்று பார்த்தால் மட்கார்டுக்குள் டயர் ஒடுங்கிப்போய்த் தெரியும். வளைவில் கொஞ்சம் அழுத்தினால் அந்த உயரமான பக்கச்சுவர் மடங்குவது கைக்கே தெரியும்.

அதனால் 240இசட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது ரிம், டயரில்தான். அதில் தப்பில்லை. ஆனால் ரிம்மின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் டயர் தேடி, அப்புறம் இடிக்கிற இடத்தையெல்லாம் வெட்டுவது என்ற வரிசையில்தான் பணமும் காரும் வீணாகின்றன. இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான வரிசையில் போகிறது. முதலில் டயரின் வெளி விட்டம், அடுத்து காரில் இருக்கும் இடம், கடைசியில்தான் ரிம். 260இசட், 280இசட் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எல்லாமே எஸ்30 என்ற ஒரே உடம்புதான். ஸ்பிரிங், உயரம், பம்பர் போன்றவை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

இதைத் தெளிவாக முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, நல்ல டயர் கிடைப்பது. 14 அங்குலத்தில் இன்று வேகக் கார்களுக்கான தரமான டயர்கள் மிகக் குறைவு. 15-இல் சிலது உண்டு. 16, 17-இல் தாராளம். இரண்டாவது, பெரிய பிரேக். முன்புறம் அசலாக இருப்பது 271 மி.மீ. டிஸ்க். அதைவிடப் பெரியதைப் போட்டால் ரிம்மின் உட்புறம் அதற்கு இடம் தர வேண்டும். மூன்றாவது, தோற்றம். இதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் 15 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து உடம்புக்கு 15-உம் 16-உம்தான் பொருந்துகின்றன என்பது என் கருத்து. 17 போட்டால் மட்கார்டு வளைவுக்குள் உலோகம் அதிகமாகி, கார் பின்னாளில் செய்த ஒன்றைப் போலத் தெரிகிறது.

முதல் படி: வெளி விட்டத்தைப் பூட்டிவிடுங்கள்

அசல் 175 டயரின் வெளி விட்டம் சுமார் 635 மி.மீ. ஸ்பீடோமீட்டர், பின்புற டிஃபரென்ஷியலின் பல் விகிதம், மட்கார்டின் வளைவு, தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி எல்லாம் இந்த அளவை வைத்துத்தான் கணக்கிடப்பட்டவை. எவ்வளவு பெரிய ரிம் போட்டாலும் மொத்தச் சக்கரத்தின் விட்டம் 625-க்கும் 640-க்கும் நடுவில் இருக்கட்டும். ரிம் பெரிதாகும்போது ரப்பரின் உயரம்தான் குறைய வேண்டும்.

கணக்கு எளிது. டயர் அகலத்தை அதன் பக்கச்சுவர் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தை மில்லிமீட்டரில் கூட்ட வேண்டும். 205/60ஆர்15 என்றால் 205-இல் 60 சதவீதம் 123. இரண்டு பக்கமும் சேர்த்து 246. பதினைந்து அங்குலம் 381. மொத்தம் 627. இந்தக் காருக்கு ஒத்துவரும் அளவுகள் இவை:

195/65ஆர்15: 634 மி.மீ.
205/60ஆர்15: 627 மி.மீ.
205/55ஆர்16: 632 மி.மீ.
225/50ஆர்16: 631 மி.மீ.
225/45ஆர்17: 634 மி.மீ.

எல்லாமே அசலுக்கு ஒன்றேகால் சதவீதத்துக்குள் வந்துவிடுகின்றன. இப்போது பலரும் ஆசைப்படும் 205/50ஆர்15-ஐப் பாருங்கள். சின்ன ரக ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நிறையக் கிடைக்கும், பிடிப்பும் அருமை. ஆனால் விட்டம் 586 மட்டும். அசலைவிட 7.7 சதவீதம் குறைவு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 92-இல்தான் போவீர்கள். கார் 24 மி.மீ. தரையிறங்கும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அதே வேகத்துக்கு 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். அமெரிக்காவுக்கு வந்த நான்கு கியர் கார்களில் டிஃபரென்ஷியல் 3.36 விகிதம் என்பதால் அங்கே இது ஓரளவு தாங்கும். ஐந்து கியரோடு 3.9 விகிதம் உள்ள கார்களில் இரைச்சல் தாங்காது. மட்கார்டுக்குள் ஒரு பெரிய பொந்து போல இடைவெளி தெரிவது தனி.

பந்தயத் தடத்துக்கு மட்டும் போகும் காராக இருந்தால் சின்ன விட்டம் சாதகமாகக்கூட இருக்கலாம். சாலையில் ஓட்டும் காருக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: காரில் இருக்கும் இடத்தை அளப்பது

இதுதான் இந்த வேலையின் உயிர். இன்னொருவர் காரில் ஒரு அளவு இடிக்காமல் போனது என்பது உங்கள் காருக்கு உத்தரவாதம் ஆகாது. ஐம்பது வருடத்தில் ஒவ்வொரு இசட்டுக்கும் ஸ்பிரிங் மாறியிருக்கும், புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர்) தேய்ந்திருக்கும், மட்கார்டை யாராவது தட்டி எடுத்திருப்பார்கள். ஒரே காரில் இடது, வலது பக்கங்களுக்குள் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதனால் நான்கு மூலைகளையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள்.

அளப்பதற்கு முன் புஷ்களையும் வீல் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷோடு எடுக்கும் அளவுக்கு அர்த்தம் இல்லை. புஷ் மாற்றிய அன்றே சக்கரம் வேறு இடத்தில் நிற்கும்.

சமதளமான தரையில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்கி, மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட் கட்டித் தொங்க விடுங்கள். நூலுக்கும் டயரின் வெளிப்பக்கத்துக்கும் உள்ள தூரம்தான் வெளியே உங்களுக்கு இருக்கும் இடம். அதன்பின் டயருக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும், டயருக்கும் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கைவிட்டு அளக்க வேண்டும். இசட்டில் உட்பக்கம் முதலில் இடிப்பது பெரும்பாலும் இந்தத் தட்டுதான். அசல் ஸ்பிரிங் அகலமானது. அதைத் தாங்கும் தட்டின் விளிம்பு டயரின் உள் தோளுக்கு மிக அருகில் நிற்கும். ஸ்ட்ரட் குழாயை ஒட்டியே மெல்லிய ஸ்பிரிங் உள்ள காயில்ஓவர் போட்டவர்களுக்கு அந்த இடத்தில் நல்ல இடைவெளி கிடைத்துவிடுகிறது. இரண்டு இசட்டுகளில் ஒரே ரிம் ஒன்றில் சரியாகவும் ஒன்றில் இடித்துக்கொண்டும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் அளவுகளை வாசிப்பது எளிதாகிவிடும். ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட் குழாயும் அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் போகின்றன. ஆகவே உட்பக்க இடைவெளி குழியில் விழுந்தாலும் மேட்டில் ஏறினாலும் கிட்டத்தட்ட மாறுவதில்லை. டயர் கொஞ்சம் நெளிவதற்கு 5, 6 மி.மீ. இருந்தால் போதும். மட்கார்டோ உடம்போடு நிற்கிறது. சக்கரம் அதை நோக்கி ஏறி வருகிறது. வெளிப்பக்கத்துக்குத்தான் தாராளம் வேண்டும். காரின் மேல் யாரும் உட்காராத நிலையில் பார்த்து "விரல் போகிறது, போதும்" என்று முடிவு செய்தால் இரண்டு பேர் ஏறிய அன்று தெரிந்துவிடும்.

கேம்பருக்கும், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்துக்கும், இதே விதிதான். ஸ்ட்ரட்டின் மேல் முனையை உள்ளே தள்ளி நெகட்டிவ் கேம்பர் கொடுத்தால் டயரும் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாய்கின்றன. மட்கார்டுப் பக்கம் இடம் கூடும். ஸ்ட்ரட் பக்கம் ஒன்றும் மாறாது. உட்பக்கம் இடிக்கும் ரிம்மை, ஸ்ட்ரட்டின் மேல் முனையை நகர்த்த உதவும் கேம்பர் பிளேட்டால் காப்பாற்ற முடியாது.

முன் சக்கரத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். டயரின் வெளி முனை வளைந்து முன்னே வந்து, மட்கார்டும் பம்பருக்குக் கீழே உள்ள முன் தகடும் சேரும் மூலையை நெருங்கும். இசட்டில் அகல டயர் போட்டவர்கள் முதலில் சத்தம் கேட்பது இங்கேதான். பழைய கார் ஒன்றை வாங்கும்போதுகூட அந்த மூலையின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் போய், விரல் அகலத்துக்கு உலோகம் பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் கறுப்பு ரப்பர் தூள் அப்பியிருந்தால் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த டயர் அங்கே உரசியிருக்கிறது. அதே திருப்பத்தில் உட்பக்கம், சஸ்பென்ஷனின் கீழ்க் கையிலிருந்து பின்னோக்கிப் போகும் டென்ஷன் ராட் என்ற கம்பியையும் பார்த்துவிடுங்கள்.

சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது என்ன ஆகும் என்று பார்ப்பதற்குச் சிறந்த வழி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் மேலே தூக்குவது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. பழக்கம் இல்லாதவர்கள் பணிமனையில் செய்துகொள்ளுங்கள். அது முடியாதபோது குழந்தைகள் விளையாடும் களிமண் உதவும். மட்கார்டின் உள்விளிம்பில், மேல் வளைவில் மூன்று இடங்களில், பெருவிரல் அளவு உருண்டையாக ஒட்டிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகத்தடை உள்ள சாலையில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வாருங்கள். களிமண் நசுங்கி எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறதோ அதுதான் உண்மையான இடைவெளி. டயரின் பள்ளத் தடம் அதில் பதிந்திருந்தால் எந்த விளிம்பு தொட்டது என்பதும் தெரியும்.

மூன்றாம் படி: ரிம்மின் எண்கள்

இசட்டின் ஹப்பில், அதாவது சக்கரம் ஒட்டும் நடுப்பகுதியில், ரிம்மைப் பிடிக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்கள் நான்கு. பி.சி.டி., அதாவது ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம், 114.3 மி.மீ. ஸ்டட்டின் மரை எம்12, 1.25 பிட்ச் (மரைக்கு மரை 1.25 மி.மீ.). ரிம்மின் நடு ஓட்டை 73.1 மி.மீ. இந்த நான்கு ஸ்டட் 114.3 கணக்கு பிற்காலத்து முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றிலும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது, ஓட்டை ஒத்துப்போகிறது என்று அவற்றின் ரிம்மை வாங்கிவிடாதீர்கள். அவற்றின் ஆஃப்செட் வேறு உலகம்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. முகம் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ். சக்கரம் காருக்குள் போகும். முகம் கார்ப்பக்கம் தள்ளியிருந்தால் மைனஸ். சக்கரம் வெளியே வரும். நடுவிலேயே இருந்தால் பூஜ்யம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15×7, ஆஃப்செட் பூஜ்யம் என்ற ரிம் இசட்டில் வெகுகாலமாகப் பலரும் பயன்படுத்தும் அளவு. ஏழு அங்குலம் 177.8 மி.மீ. ஒட்டும் முகத்திலிருந்து உள்ளே 88.9, வெளியே 88.9. இதற்குப் பதிலாக 16×8, பிளஸ் 10 ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலத்தில் பாதி 101.6. உள்ளே 111.6, வெளியே 91.6. அதாவது வெளியே 3 மி.மீ.தான் கூடுகிறது, உள்ளே 23 மி.மீ. கூடுகிறது. மட்கார்டு தப்பித்தது என்று நிம்மதியாக இருக்கும்போது ஸ்பிரிங் தட்டு இடிக்கும். அந்த முன்சக்கர இயக்கக் கார் ரிம் 15×7, பிளஸ் 38 என்றால் உள்ளே 127 மி.மீ. வந்துவிடும். மாட்டவே முடியாது.

உங்கள் காரில் இப்போது இருக்கும் ரிம்மின் ஆஃப்செட் தெரியாவிட்டால் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, உள்விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஒட்டும் முகம் வரை ஆழத்தை அளக்கவும். அடுத்து ரிம்மின் மொத்த அகலத்தை, விளிம்புகளையும் சேர்த்து, வெளியே வெளியாக அளக்கவும். ஆழத்திலிருந்து மொத்த அகலத்தின் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். மொத்த அகலம் எப்போதும் சொல்லப்படும் அகலத்தைவிட ஓர் அங்குலம் போலக் கூடுதலாக இருக்கும். ஏழு அங்குல ரிம்மை எட்டு அங்குலமாக அளந்துவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம்.

டயரின் அகலமும் ரிம்மைப் பொறுத்து மாறும். 225/50ஆர்16 டயர் ஏழு அங்குல ரிம்மில் பக்கச்சுவரோடு சேர்த்துச் சுமார் 233 மி.மீ. வரும். எட்டு அங்குல ரிம்மில் 243. அரை அங்குலத்துக்கு 5 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 205/55ஆர்16 ஏழு அங்குல ரிம்மில் 219 அளவு வரும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் பக்கத்துக்கு 12 மி.மீ. வித்தியாசம். இசட்டில் அது பெரிய தொகை.

ஆஃப்செட்டைப் பற்றி இன்னும் ஒன்று. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள, ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுவுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. இசட்டுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. நிறுத்தும் இடத்தில் கை வலிக்கும். ஓடும்போது ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கை இழுக்கும். பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் பிடித்தால் அந்தப் பக்கமே கார் போகப் பார்க்கும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். இந்தக் காரின் நல்ல குணங்களில் முதலாவது அதன் ஸ்டியரிங். ஆழமான கிண்ணம் போன்ற ரிம்முக்காக அதை விட்டுக்கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நான்காம் படி: 15, 16, 17-இல் எது?

சாலையில் ஓட்டி மகிழ்வதற்கு, அசல் அல்லது அசலுக்கு நெருக்கமான சஸ்பென்ஷன் உள்ள காருக்கு, 15×7 பூஜ்யம், 205/60ஆர்15. யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். பக்கச்சுவர் 123 மி.மீ. அசலில் 140 இருந்தது. சொகுசு பெரிதாகக் குறையாது, வளைவில் நெளிவது நன்றாகவே குறையும். நல்ல வார்ப்பு ரிம் 6, 7 கிலோவில் கிடைக்கும். ஒரே குறை, 205/60ஆர்15-இல் கடும் பிடிப்புள்ள டயர்கள் அதிகம் கிடைப்பதில்லை. நல்ல டூரிங் டயர்கள் கிடைக்கும்.

டயர் தேர்வு முக்கியம் என்றால் 16×7, 205/55ஆர்16. உலகம் முழுக்கச் சாதாரணக் கார்களில் ஓடும் அளவு இது. எந்த ஊரில் பஞ்சர் ஆனாலும் டயர் கிடைக்கும். மழைக்கு, வேகத்துக்கு, சிக்கனத்துக்கு என்று எல்லா ரகமும் உண்டு. பெரிய பிரேக் போடும் திட்டம் இருந்தாலும் 16 சௌகரியம். 225/50ஆர்16 போட வேண்டுமானால் இரண்டாம் படியில் எடுத்த அளவுகள் அனுமதிக்க வேண்டும். அசல் ஸ்பிரிங் தட்டோடு அது இழுபறிதான்.

17 அங்குலத்தில் 225/45 கணக்குக்குச் சரியாகவே வருகிறது. பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு டயர் வசதிக்காக அது நியாயம். ஆனால் பக்கச்சுவர் 101 மி.மீ.தான். மேடுபள்ளத்தின் அடி நேரே ஐம்பது வயதுத் தகடுக்கும் வெல்டிங்குக்கும் போகும். ரிம்மின் எடையும் பெரும்பாலும் கூடும். ரிம்மும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் முடுக்கத்திலும் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் தெரியும். வாங்கும் முன் எடையைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அகலமான மட்கார்டு வேண்டும் என்பவர்களுக்கு ஜப்பானிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1971-இல் நிசான் (டாட்சன் அதன் பிராண்ட்தான்) விற்ற 240இசட்ஜி-யில் நீட்டிய மூக்கோடு, நான்கு மட்கார்டுகளிலும் ஒட்டிய அகல விளிம்புகளும் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. அந்த விளிம்புகளின் நகல்கள் இன்றும் விற்கின்றன. ஆனால் மாட்டுவதற்கு அசல் மட்கார்டில் துளை போட வேண்டும், சில சமயம் வெட்டவும் வேண்டும். துருப்பிடிக்காத அசல் மட்கார்டு உள்ள கார் கையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: எந்த ரிம்

இசட்டோடு சேர்ந்தே வளர்ந்த வடிவங்கள் சில உண்டு. ஜப்பானின் வாட்டனபே எட்டுக் கை (ஆரக்கால்) ரிம். மினிலைட் பாணியில் பானாஸ்போர்ட் செய்த எட்டுக் கை ரிம். அமெரிக்காவில் பீட்டர் பிராக்கின் பி.ஆர்.இ. அணி பயன்படுத்திய, அமெரிக்கன் ரேசிங் செய்த நான்கு கை லீப்ரே. ஜான் மார்ட்டன் ஓட்டிய அந்த அணியின் 240இசட் 1970, 1971 ஆண்டுகளில் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்.சி.சி.ஏ.வின் தேசிய சி புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வென்றது. அந்த ரிம்களுக்கு இன்றும் மவுசு குறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய ரிம்மையே தேடி வாங்குகிறீர்களானால் உலோகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மக்னீசியம் ரிம் எடை குறைவு, ஆனால் வண்ணப் பூச்சு போன இடத்தில் உள்ளுக்குள் அரிக்கும். விரிசல் வெளியே தெரியாது. சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனை செய்யாமல் சாலையில் ஓட்டக் கூடாது. அலுமினியமாக இருந்தாலும் கைகள் நடுப்பகுதியோடு சேரும் மூலைகள், ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றியுள்ள இடம் இரண்டையும் நன்கு துடைத்துவிட்டுப் பாருங்கள். புதிய ரிம்மில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற முத்திரைகள் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று பார்க்கவும். முதலாவது ஜப்பானின் தரநிலை, இரண்டாவது தனி அமைப்பு சோதித்துப் பதிந்ததற்கான அடையாளம். ஒட்டு ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

பிரேக் இடத்தைச் சோதிக்க அட்டை போதும். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் வெளி உருவத்தை அட்டையில் வெட்டி, ரிம்மின் உள்ளே வைத்துச் சுற்றிப் பாருங்கள். விட்டம் போதுமானதாக இருந்தும் கைகளின் பின்புறம் காலிப்பரை உரசுவது உண்டு. எட்டுக் கை ரிம்களில் கைகள் நேராகப் போகும் என்பதால் அங்கே கூடுதல் கவனம். காலிப்பருக்கும் உலோகத்துக்கும் குறைந்தது 3 மி.மீ. இருக்கட்டும்.

ஆறாம் படி: ஸ்டட், நட், ஸ்பேசர்

சின்னப் பொருள்கள், ஆனால் சக்கரம் கழன்று ஓடுவது இவற்றால்தான். அசல் ஸ்டட்கள் மெல்லிய இரும்பு ரிம்முக்காகச் செய்யப்பட்டவை. அலாய் ரிம்மின் ஒட்டும் பகுதி தடிமன். நட்டை மாட்டிக் கையால் திருப்பி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். 1.25 பிட்சில் பத்துச் சுற்று. அதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் போடாமல் காரை நகர்த்த வேண்டாம்.

நட்டின் உட்காரும் வடிவம் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். சில ரிம்முக்கு 60 டிகிரிக் கூம்பு நட். பழைய ஸ்லாட் ரிம்கள் பலவற்றுக்கு நீளக் கழுத்தும் தட்டை வாஷரும் உள்ள நட். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஓட ஓடத் தளரும். நடு ஓட்டை 73.1-ஐவிடப் பெரிதாக இருந்தால் சரியான வளையம் போட்டு ஹப்பில் நடுவாக உட்காரச் செய்யுங்கள். அதிர்வுக்குப் பாதி வைத்தியம் அங்கேயே முடியும்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசர் கடைசி வழி. சில மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய ஸ்பேசரும் நீளமான ஸ்டட்டும் பரவாயில்லை. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தவறான ஆஃப்செட் ரிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இரண்டு ஸ்பேசரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது கூடவே கூடாது.

ஏழாம் படி: டயர் வாங்குவது

240இசட்டின் உச்ச வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவில். 210 வரை தாங்கும் எச் வகை போதும். 205/55ஆர்16-இல் சாதாரணமாக வரும் 91 என்ற பாரக் குறியீடு டயருக்கு 615 கிலோ. இவ்வளவு எடை குறைந்த காருக்கு அது தேவைக்கு மேலேயே. பாரத்தைக் கூட்டிச் செய்த தடித்த டயர்களைத் தேடிப் போக வேண்டாம். அவை கடினமாக இருக்கும்.

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேய்ந்து மாற்றுவதில்லை, வயதாகித்தான் மாற்ற வேண்டும். ஆறு ஆண்டு ஆனதும் வருடம் ஒருமுறை விரிசல் பாருங்கள். பத்து ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பது சமாதானம் ஆகாது.

எந்த நாட்டில் ஓட்டுகிறீர்களோ அந்த நாட்டின் விதியை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜெர்மனியில் அசல் அல்லாத ரிம் அளவுக்கு டியூவி போன்ற வாகனச் சோதனை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். ஜப்பானின் கட்டாய வாகனத் தகுதிச் சோதனையான ஷாகெனில் ரிம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தேறாது.

எட்டாம் படி: மாட்டிச் சோதிப்பது

டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை நான்கு மூலையிலும் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிய ரிம்மைக் கடைகள் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு டயரை ஏற்றி முன்னும் பின்னும் மாட்டி, முழுக்கத் திருப்பி, களிமண் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்புறம்தான் மற்ற மூன்று.

நட்டுகளைக் குறுக்காக, நட்சத்திர வரிசையில், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியோடு முடித்துவிடாதீர்கள். 80, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் 28–30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, வெளி விளிம்பு வேகமாகத் தேய்ந்தால் கொஞ்சம் கூட்டியும், நடு தேய்ந்தால் குறைத்தும் பாருங்கள். அலைன்மென்ட் கட்டாயம்.

பின் மட்கார்டின் உள்விளிம்பில் லேசாக உரசினால் அந்த விளிம்பை மடக்குவது வழக்கம். செய்யலாம். ஆனால் அங்கே உள் தகடும் வெளித் தகடும் புள்ளி வெல்டிங்கில் சேர்கின்றன. மடக்கும்போது அந்த இணைப்பு திறந்துகொண்டால் தண்ணீர் உள்ளே போய் இரண்டே மழைக்காலத்தில் துரு வெளியே தெரியும். பெயின்ட் வெடிக்காமலிருக்கச் சூடுபடுத்தி மெதுவாக மடக்கி, முடித்ததும் இணைப்பு முழுக்க சீலர் பூசுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பின்புறத் தளத்துக்குக் கீழே உள்ள குழி அசல் 14 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்தது. 205 டயரே அதில் திணறும், 225 உட்காரவே உட்காராது. அசல் இரும்பு ரிம் ஒன்றில் நல்ல 175 டயர் ஏற்றி அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளி விட்டத்தை 635-ஐ ஒட்டி வைத்திருப்பதால் அவசரத்துக்கு அது எந்த மூலையிலும் சரியாக நிற்கும். பெரிய பிரேக் போட்டிருந்தால் மட்டும் முன் ஹப்பில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். காலிப்பர் இடித்தால் பின்சக்கரத்தை முன்னே மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பின்னே போட வேண்டிவரும். இரும்பு ரிம்முக்கான அசல் நட்கள் நான்கையும் ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள். அலாய் ரிம் நட் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.